ஜெனரேட்டரைத் தொடக்குவதா, கிளப்புவதா?

மடல் 1

அவையோருக்கு வணக்கம்.

உள்ளேயே தங்கிச் சமைத்துத் தூங்க வசதியுள்ள வண்டியான மோட்டார்ஹோம் ஒன்றின் பயன்பாட்டுக் கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். படுக்கை, அடுப்பு, கழிவுநீர்த் தொட்டி எல்லாம் முடிந்தது. வண்டியோடு சேர்த்துப் பொருத்திய ஜெனரேட்டர் பகுதியில் நான்கு நாளாக நிற்கிறேன்.

சிக்கல் ஒரு பொத்தானில் இருக்கிறது. பெருவிரல் அகலம், நடுவில் சின்ன விளக்கு. மேல்பக்கத்தை அழுத்திப் பிடித்தால் எஞ்சின் சுழன்று ஓட ஆரம்பிக்கும். ஓடும்போது கீழ்ப்பக்கத்தை ஒரு தட்டுத் தட்டினால் நின்றுவிடும். நின்றிருக்கும்போது அதே கீழ்ப்பக்கத்தைச் சில நொடி அழுத்திப் பிடித்தால், எரிபொருள் பம்ப் மட்டும் வேலை செய்து, வற்றிப்போன குழாய் வழியே எரிபொருளை எஞ்சின்வரை கொண்டுவரும். இதை ‘பிரைம்’ செய்தல் என்கிறார்கள்.

மேலே ஒரு சொல், கீழே இரண்டு சொல். இடம் மிகக் குறைவு. ஸ்டார்ட், ஸ்டாப், பிரைம் மூன்றுக்கும் சொல் வேண்டும். மோட்டார்ஹோமுக்கும் ஜெனரேட்டருக்கும் கூட நல்ல சொல் கிடைத்தால் மகிழ்வேன். ‘நிறுத்து’ மட்டும் எனக்குச் சிக்கல் இல்லை.

மடல் 2

அன்புத் தம்பி,

வண்டி, வாகனம் இரண்டையும் விடுங்கள். ஊர்தி இருக்கிறது. புறநானூற்றுக் கடவுள் வாழ்த்தில் ‘ஊர்தி வால்வெள் ஏறே’ என்று வருகிறது. இறைவன் ஏறி வரும் வெள்ளைக் காளைதான் அங்கே ஊர்தி. 27ஆம் பாட்டில் ‘வலவன் ஏவா வான ஊர்தி’. ஓட்டுபவன் இல்லாமல் தானே செல்லும் விண்ணூர்திக்கே சொல் வைத்திருந்தவர்கள் நம்மவர்கள். ஆகவே வீடு அமைந்த ஊர்தி ‘மனையூர்தி’. ஐகார ஈற்றுக்கு யகர உடம்படுமெய் இயல்பாக வந்து உட்கார்கிறது, பாருங்கள்.

ஜெனரேட்டருக்கு ‘மின்னியற்றி’. இயற்றுதல் என்றால் படைத்தல். ‘பரந்து கெடுக உலகியற்றி யான்’ என்கிறது குறள். உலகை இயற்றியவன் உலகியற்றியான் என்றால் மின்னை இயற்றுவது மின்னியற்றி. வண்டிக்குள்ளேயே இருப்பதால் ‘அகமின்னியற்றி’ என்றும் சொல்லலாம்.

ஸ்டார்ட் என்பதற்குத் ‘தொடக்கு’. தொடங்கு தன்வினை, தொடக்கு பிறவினை. இதில் விவாதிக்க ஒன்றுமே இல்லை.

மடல் 3

ஐயாவுக்கு வணக்கம். விவாதிக்க நிறையவே இருக்கிறது.

ஈழத்தில் நாங்கள் படித்தது மின்பிறப்பாக்கி. நீளம்தான், ஆனால் பாடநூலில் பல தலைமுறை புழங்கிய சொல். ஸ்விட்சை நீங்கள் சொடுக்கி, விசை என்பீர்கள், நாங்கள் ஆளி என்போம். ஒவ்வொரு கரைக்கும் ஒரு சொல் இருக்கும்போது புதிதாக ஆக்குவதற்கு முன் இரண்டு கரையையும் பார்க்க வேண்டாமா?

‘தொடக்கு’ எங்கள் பேச்சில் தீட்டு. பிறப்போ இறப்போ நேர்ந்த வீட்டைத் தொடக்கு வீடு, துடக்கு வீடு என்போம். அந்தச் சொல்லைப் பொத்தானில் எழுதி வைத்தால் என் அம்மா அதைத் தொடவே மாட்டார். யாராவது ‘துவக்கு’ என்று மாற்றலாம் என்பார்கள் என்று தெரியும். அது எங்களுக்குச் சுடும் கருவி. ஆகவே இரண்டும் வேண்டாம்.

மடல் 4

வணக்கம். முப்பது வருடம் ஜெனரேட்டர் வேலை செய்தவன். சொல் தேடுவதற்கு முன் அந்தப் பொத்தானை அழுத்தும் ஆளை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள்.

ராத்திரி. வண்டி எங்கோ ஒதுக்குப்புறமாக நிற்கிறது. உள்ளே மின்கலம் இறங்கிக்கொண்டே வருகிறது, விளக்கு மங்குகிறது. அவர் ஏசியையும் மின் அடுப்பையும் அணைக்கிறார், ஏனென்றால் சுமையோடு கிளப்பக் கூடாது. மேல்பக்கத்தை அழுத்துகிறார். சுழல்கிற சத்தம் வருகிறது, விளக்கு மின்னுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. அரை நிமிடத்துக்கு மேல் விடாமல் சுழற்றினால், எஞ்சினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறிக் கெடும். விட்டு, ஆறவைத்து, மறுபடி.

பிடிக்காததற்குப் பெரும்பாலும் காரணம் எரிபொருள். ஜெனரேட்டருக்குப் போகும் குழாய் தொட்டியின் அடிவரை போகாது. ஏறக்குறைய கால் தொட்டி மட்டத்திலேயே நிறுத்தியிருப்பார்கள். இரவெல்லாம் ஜெனரேட்டர் ஓடினாலும் வண்டி ஊர் போய்ச் சேரும் அளவுக்கு எரிபொருள் மிஞ்ச வேண்டும் என்பதற்காக. எனவே ஓட்டுநர் பலகையில் முள் கால் பங்கு காட்டும்போது ஜெனரேட்டருக்குத் தொட்டி காலி. அப்புறம் நிரப்பினாலும் குழாயில் காற்று நிற்கும். அதை வெளியேற்றத்தான் அந்தக் கீழ்ப்பக்க அழுத்தல்.

இந்த ஆளுக்கு அகமின்னியற்றியும் வேண்டாம், பிறப்பாக்கியும் வேண்டாம். ஜெனரேட்டர் என்றால் போதும். விளக்கைப் போடு, மோட்டாரைப் போடு என்பது போல ‘ஜெனரேட்டரைப் போடு’ என்றுதான் வீட்டில் சொல்கிறோம். ‘தொடங்கு’ என்று யாரும் சொன்னதை நான் கேட்டதில்லை.

கையேட்டில் இன்னொன்றையும் மறக்காதீர்கள். புகைக்குழாய் மண்ணிலோ புல்லிலோ புதைந்திருந்தால், அல்லது பக்கத்துச் சுவரில் முட்டிப் புகை திரும்பினால், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். அந்த எச்சரிக்கைப் பத்தியில் தயவுசெய்து ஒரு புதுச்சொல்கூட வேண்டாம்.

மடல் 5

> ‘தொடங்கு’ என்று யாரும் சொன்னதை நான் கேட்டதில்லை

பொறியாளர் ஐயா சொல்வதில் இலக்கணமும் இருக்கிறது. வேலையைத் தொடங்கலாம், பேச்சைத் தொடங்கலாம். தொடங்குவதற்கு ஒரு செயல் வேண்டும். பொருளைத் தொடங்க முடியாது. ‘வண்டியைத் தொடங்கினேன்’ என்றால் தமிழ்க் காதுக்கு ஒட்டாது.

கையேட்டின் பழுதுப் பகுதியையும் பாருங்கள். எஞ்சின் சுழல்கிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்ற நிலை கட்டாயம் வரும். இதை ‘சுழல்கிறது, ஆனால் தொடங்கவில்லை’ என்று எழுதினால் படிப்பவர் குழம்புவார். சுழன்றதுமே தொடங்கிவிட்டதே! ஸ்டார்ட் என்பது ஆரம்பம் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் கைவிட்ட பிறகும் எஞ்சின் தன் பலத்தில் ஓடுகிற அந்தக் கணம் அது. அதற்குத் தமிழில் சொல் ஏற்கெனவே இருக்கிறது: கிளம்புதல்.

‘சுழல்கிறது, கிளம்பவில்லை.’ எவ்வளவு தெளிவு! பிறவினை ‘கிளப்பு’. திரும்பு–திருப்பு போலக் கிளம்பு–கிளப்பு. பொத்தானில் கிளப்பு, பழுதுப் பட்டியலில் கிளம்பவில்லை, வழிமுறையில் கிளம்பியதும். ஒரே வேர் மூன்று இடத்திலும் வேலை செய்யும்.

‘போடு’ நல்ல சொல்தான். ஆனால் அது விசையைத் தட்டுவதோடு முடிந்துவிடுகிறது. ‘போட்டேன், கிளம்பவில்லை’ என்று சொல்ல முடிகிறது அல்லவா? இரண்டும் ஒன்றில்லை.

மடல் 6

கிளம்பு பற்றிய மடல் மிகச் சிறப்பு. ‘கிள்’ அடியை இங்கே விரிக்காமல் இருக்க முடியவில்லை. கிளர், கிளம்பு, கிளை, கிளவி, கிளத்தல். மண்ணிலிருந்து வெளிப்படுவது, மரத்திலிருந்து வெளிப்படுவது, வாயிலிருந்து வெளிப்படுவது. தொல்காப்பியர் சொல்லைக் கிளவி என்பதும் நம் எஞ்சின் கிளம்புவதும் ஒரே அடி என்பது என் துணிபு. (மொழியியலார் மறுக்கலாம், மறுத்தால் கேட்கிறேன்.)

எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டுக்கு ‘வணரி’ என்று எழுதப் பரிந்துரைக்கிறேன். வணர் என்றால் வளைவு. ‘வணர்கோட்டுச் சீறியாழ்’ என்று புறநானூறு 155 பேசுகிறது. யாழின் வளைந்த தண்டுக்கும் எஞ்சினின் வளைந்த தண்டுக்கும் ஒரே சொல் கிடைப்பது எத்தனை பெரிய பேறு!

ஆனால் ‘கிளப்பு’ என்ற வடிவத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. கிளப் என்ற ஆங்கிலச் சொல்லையும் பழைய தலைமுறை கிளப்பு என்றே எழுதியது. தனித்து நிற்கும் ஒற்றைச் சொல்லில் அந்த நிழல் விழும்.

ஜெனரேட்டர் என்றே எழுதலாம் என்பதை என்னால் ஏற்க முடியாது. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று தொல்காப்பியத்தின் எச்சவியல் விதித்திருக்கிறது. கடன் வாங்கினாலும் எழுத்தை உதற வேண்டும். செனரேட்டர் என்றாவது எழுதுங்கள்.

மடல் 7

அதே எச்சவியலில்தான் ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்றும் இருக்கிறது, ஐயா. காலத்தில் பட்டுவிட்ட சொல்லைக் கடியக் கூடாது. செனரேட்டர் என்று எழுதினால் தூய்மையும் கிடைக்காது, புரிதலும் கிடைக்காது. மின்பிறப்பாக்கி என்று எழுதினால் இரண்டும் கிடைக்கும்.

கிளப்பு எனக்குச் சம்மதம்.

மடல் 8

பெயரில் ஒரு சின்னத் திருத்தம். ஜெனரேட்டர் என்று நாம் சொல்லும் பெட்டியில் இரண்டு பொருள் இருக்கின்றன. ஒன்று எஞ்சின், இன்னொன்று அந்த எஞ்சின் சுழற்றும் மின்பகுதி. மின்னியற்றி, மின்பிறப்பாக்கி இரண்டுமே பின்பாதிக்கு மட்டும் பொருந்தும். கிளப்புவது முன்பாதியை. நான்கு காந்தமுனை உள்ள மின்பகுதி என்றால் 60 ஹெர்ட்ஸுக்கு நிமிடத்துக்கு 1,800 சுற்று வேண்டும், 50 ஹெர்ட்ஸுக்கு 1,500. எஞ்சின் கிளம்பி அந்த வேகத்தில் நிலைத்த பிறகுதான் பயன்படும் மின்சாரம். அதனால்தான் வண்டியின் மின்சுமையை ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் ஸ்விட்ச் உடனே சுமையை இணைக்காமல் அரை நிமிடம் போலக் காத்திருக்கும். கிளம்புவது ஒரு கட்டம், மின்சாரம் வருவது அடுத்த கட்டம். இந்த இடைவெளி தெரியாமல் பலர் ‘கிளம்பிவிட்டது, ஆனால் விளக்கு எரியவில்லை, பழுது’ என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள்.

வணரி அழகான சொல், ஐயா. ஆனால் இந்தக் கையேட்டில் கிராங்க் தண்டு ஓரிடத்தில்கூட வரவில்லையே. ‘சுழற்று’ போதும்.

மடல் 9

நன்றி, அனைவருக்கும். நாளை காலை அனுப்ப வேண்டும். பிரைம் பற்றி யாருமே சொல்லவில்லை! நான் மூன்று வைத்திருக்கிறேன்: முன்னிரப்பு, எரிபொருள் ஏற்று, முதலூட்டு.

மடல் 10

முதலூட்டு. ஐந்தே எழுத்து. ஊட்டு என்பதில் பசித்திருக்கும் ஒன்றுக்குக் கொடுக்கிறோம் என்ற பொருள் தானாக வருகிறது. முன்னிரப்பு என்றால் தொட்டியை நிரப்புவதாக நினைத்துக் கையில் கேனோடு வந்துவிடுவார்கள்.

மடல் 11

முதலூட்டுக்கு நானும் ஒப்புதல். தொழிலில் புழங்காத சொல்தான், ஆனால் பக்கத்தில் ‘அழுத்திப் பிடிக்கவும்’ என்று ஒரு வரி இருந்தால் முதல் தடவையே புரிந்துவிடும்.

மடல் 12

முடிவு செய்துவிட்டேன். மேலே ‘கிளப்பு’. கீழே ‘நிறுத்து / முதலூட்டு’. வண்டிக்கு ‘மனையூர்தி’, முதல் பக்கத்தில் ஒருமுறை ‘மோட்டார்ஹோம் எனப்படும் மனையூர்தி’ என்று எழுதிவிடுகிறேன். இயந்திரத்துக்கு ஜெனரேட்டர். எச்சரிக்கைப் பத்தி முழுக்க நாள்தோறும் பேசும் தமிழ். ஐந்து பேர் எழுதினீர்கள், மூவர் கிளப்புக்கு ஒப்பு.

மடல் 13

ஜெனரேட்டர் என்பதற்கு என் மறுப்பைப் பதிவு செய்கிறேன், தம்பி. ஒரு சொல்லைப் புழங்கவைக்க வேண்டிய இடம் கையேடுதான். அங்கேயே விட்டுக்கொடுத்தால் அந்தச் சொல் வேறெங்கே போய் வாழும்? மனையூர்தியை ஏற்றதற்கு நன்றி.

மடல் 14

தம்பி, அனுப்பிவிட்டீர்களா? ஒன்று கேட்க மறந்துபோனேன். அந்த ஜெனரேட்டர் பெட்ரோலா, டீசலா? டீசல் என்றால் சில வகைகளில் அதே கீழ்ப்பக்கத்தை அழுத்திப் பிடிப்பது எஞ்சினைச் சூடேற்றுவதற்காக. முதலூட்டு அங்கே பொருந்தாது.

மடல் 15

இப்போதுதான் பார்த்தேன். பின்னிணைப்பில் டீசல் வகையும் இருக்கிறது. அச்சகத்தில் இன்று மாலைவரை நேரம் கேட்டிருக்கிறேன். ‘முன்சூடு’ என்று எழுதலாமா?

மடல் 16

முன்சூடு என்றால் சூடு முன்பே இருந்ததாகப் பொருள்படும். ‘சூடேற்று’ என்று எழுதுங்கள். மற்றதை மாலைக்குள் பேசுவோம்.