பெருவின் கிழங்குத் தரவும் எங்கள் நெல் பாத்திகளும்

வேளாண் புள்ளியியல் ஆய்வாளர், தஞ்சாவூர்

ஆய்வுக்காக எழுதிய நிரலைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்தவர்களும், அங்கிருந்து எடுத்துப் பயன்பெற்றவர்களும் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டுகிறேன். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தெற்குப் பெருவில் தக்னா என்றொரு பகுதி. அங்கே 12 பாத்திகளில், பாத்திக்கு 50 செடியாகச் சர்க்கரைவள்ளி நட்டு, இரண்டு வைரஸ் நோய்களால் விளைச்சல் எவ்வளவு குறைகிறது என்று பார்த்திருக்கிறார்கள். அந்த 12 எண்களை வைத்துத்தான், புள்ளியியல் கணக்குக்கான 'ஆர்' கணினி மொழியில், எந்தெந்தச் சராசரிகள் உண்மையிலேயே வேறுபடுகின்றன என்று பார்க்கும் டங்கன் சோதனையைச் செய்யக் கற்றுக்கொண்டேன். லிமாவில் ஃபெலிப்பே தெ மெந்திபுரு தம் முதுகலை ஆய்வேட்டில் முன்வைத்த யோசனையிலிருந்து வளர்ந்த 'அக்ரிகோலே' என்ற ஆர் நிரல் தொகுப்பில் அந்தத் தரவு இருக்கிறது. எங்கள் துறையில் விலை கொடுத்து வாங்கிய மென்பொருள் ஒரே ஒரு கணினியில் இருந்தது. ஆய்வேடு சமர்ப்பிக்கும் மாதங்களில் அதற்கு முறை வைத்துக் காத்திருப்போம். அந்த நாட்களில், ஒரே வரியைத் தட்டியதும், ஆர் தொகுப்புகளை எல்லோருக்கும் இலவசமாகத் தரும் கிரான் களஞ்சியத்திலிருந்து அக்ரிகோலே வந்து இறங்கியதைப் பார்த்து நெகிழ்ந்துபோனேன். கிழங்குக்குப் பதில் என் நெல் பாத்திகளின் எண்களைக் கொடுத்தேன், விடை வந்தது. முகம் தெரியாத ஒருவர் எனக்காக உழைத்து வைத்திருந்தார்.

பிறகு நானும் ஒரு நிரல் எழுதினேன். எலி தின்றோ தண்ணீர் தேங்கியோ ஒரு பாத்தி வீணாகிவிட்டால், விடுபட்ட எண்ணை மதிப்பிட்டுக் கணக்கை முடிக்கும் நிரல் அது. பென் டிரைவில் கைமாறி நான்கைந்து வடிவங்களாகப் பெருகிவிட்டது. மதிப்பிட்ட ஒவ்வோர் எண்ணுக்கும், பிழைக் கணக்கில் சார்பற்ற எண்கள் எத்தனை என்ற எண்ணிக்கையிலிருந்து (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) ஒன்றைக் கழிக்க வேண்டும். முதல் வடிவத்தில் நான் கழிக்கவில்லை. பிறகு என் கணினியில் திருத்திவிட்டேன். ஆனால் கைமாறிப் போன பிரதிகளை யார் திருத்துவது? இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு மாணவியின் ஆய்வேட்டு அட்டவணையில் அதே பிழையைக் கண்டேன். இல்லாத வேறுபாட்டை இருப்பதாக அந்தப் பெண் நம்பியிருந்தார். அன்றிரவு தூங்கவில்லை. நிரலுக்கு எல்லோரும் அறிந்த ஒரே முகவரி வேண்டும் என்று அன்றுதான் உறைத்தது.

கிரானுக்கு அனுப்பினேன். 1997 ஏப்ரலில் வியன்னாவிலிருந்து கர்ட் ஹோர்னிக் அந்தக் களஞ்சியத்தை அறிவித்தபோது 12 தொகுப்புகள்தாம் இருந்தன; இன்று 20,000-க்கும் மேல். அத்தனை வந்தும் கண்டிப்பு குறையவில்லை. மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பயனரைக் கேட்காமல் அவர் கோப்புறையில் எதையும் எழுதக் கூடாது என்றார்கள். என் நிரல் எழுதிக்கொண்டிருந்தது. வரைபட அமைப்புகளை மாற்றினால், வேலை முடிந்ததும் பழையபடி வைக்க வேண்டும் என்றார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது. அடுத்தவர் வீட்டில் புழங்கும் ஒழுக்கத்தைத்தான் கேட்கிறார்கள் என்பது மூன்றாம் முறை புரிந்தது. ஆய்வுக் கட்டுரைக்கு மதிப்புரை எழுதியவர்கள்கூட என் வேலையை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்ததில்லை.

2020 ஏப்ரலில் ஆர் 4.0.0 வந்தது. அதுவரை எழுத்துகள் உள்ள பத்தியைத் தானாகவே வகைகளாகப் பிரித்துப் படித்த மொழி, அதன்பின் வெறும் எழுத்தாகவே படித்தது. வகைகளை எண்ணும் என் வரி பூஜ்யம் என்றது. திருத்தச் சொல்லிக் கிரான் அனுப்பிய எச்சரிக்கைக் கடிதம் நான் முன்பு வேலை பார்த்த நிறுவன முகவரிக்குப் போயிருக்கிறது. அந்த முகவரியோ மூடப்பட்டிருந்தது. தொகுப்பு பழைய பதிப்புகளின் கிடங்குக்குப் போய்விட்டது. கென்யாவில் மக்காச்சோள ஆய்வு செய்யும் ஒருவர் என் கட்டுரையிலிருந்த சக ஆசிரியரைத் தேடிப் பிடித்துக் கேட்ட பிறகுதான் எனக்கே செய்தி தெரிந்தது. திருத்தம் ஒரே வரி, அதையும் அவரே எழுதி அனுப்பியிருந்தார்.

ஓய்வுபெற்ற பொறியாளர், சென்னை

1987-இல் அமெரிக்காவில் ஆராய்ச்சி மாணவனாக இருந்தேன். ஜாக் டோங்கராவும் எரிக் கிராஸும் 1985-இல் தொடங்கிய, கணக்கீட்டு நிரல்களை மின்னஞ்சலில் தரும் 'நெட்லிப்' களஞ்சியம் அப்போது புதிது. அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வகத்து முகவரிக்கு 'சென்ட் இன்டெக்ஸ்' என்று மின்னஞ்சல் அனுப்பினால் பட்டியல் வரும். சமன்பாடுகளைத் தீர்க்கும் 'லின்பேக்' நிரல் தொகுப்பிலிருந்து இன்ன துணைநிரல் வேண்டும் என்று எழுதினால் அதுவும், அது அழைக்கும் மற்ற துணைநிரல்களும் சேர்ந்தே வரும். கையில் ஏற்கெனவே இருப்பதை விலக்கச் சொல்லியும் கேட்கலாம். மறுமுனையில் மனிதர் எவரும் கிடையாது, ஒரு நிரல்தான் பதில் போட்டது. காந்த நாடா தபாலில் வருவதற்குக் காத்திருந்து பழகிய எனக்கு, இரவு பத்து மணிக்குக் கேட்டது அப்போதே வந்து நின்றது மறக்காது. டோங்கராவுக்கு 2021-ஆம் ஆண்டின் டூரிங் விருது, கணினித் துறையின் மிக உயர்ந்த விருது, என்று படித்தபோது, வீட்டில் ஒருவருக்குக் கிடைத்ததுபோல மகிழ்ந்தேன்.

வானியல் ஆய்வு மாணவி, புனே

எங்கள் துறையில் 1999 முதல் வானியற்பியல் மூலநிரல் நூலகம் இருக்கிறது. நிரல் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நூலகம் அதற்கு ஓர் எண் தரும். வானியலாளர்கள் பயன்படுத்தும் 'ஆஸ்ட்ரோபை' நிரல் தொகுப்புக்கு 1304.002. 2013 ஏப்ரலில் பதிவான இரண்டாவது நிரல் என்று எண்ணே சொல்லிவிடும். என் மூத்த மாணவர் எழுதிய, விண்மீன்களின் ஒளிமாற்றத்தை அளக்கும் நிரலை மூன்றாண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். கட்டுரைகளில் அவருக்கு நன்றியுரையில் ஒரு வரிதான் கிடைத்துவந்தது. சென்ற ஆண்டு அவரே பதிவு செய்தார். இப்போது மேற்கோள் பட்டியலில் அவர் பெயர் வருகிறது. வேலைக்கு விண்ணப்பித்தபோது அந்த எண்ணையும் தம் பட்டியலில் சேர்த்திருந்தார்.

வேளாண் புள்ளியியல் ஆய்வாளர், தஞ்சாவூர்

நன்றி ஐயா, நன்றி அம்மா. நேற்று என் தொகுப்பின் புதிய பதிப்பு ஏறியது. பராமரிப்பாளர் முகவரியாக இப்போது என் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்திருக்கிறேன். ஆசிரியர் பட்டியலில் கென்ய நண்பரும் இருக்கிறார். அவர் தந்த மக்காச்சோளத் தரவுதான் இனி அதில் எடுத்துக்காட்டு.