புதுப்பிப்பு: மழையில் பொருக்குத் தட்டிய எங்கள் குதிரை

ஊட்டி மழையில் நனைந்து நனைந்து எங்கள் பெண்குதிரையின் முதுகெல்லாம் பொருக்கு, தொட்டால் முடி கொத்தாக வருகிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன். கால்நடை மருத்துவர் பார்த்தார். டெர்மடோபிலஸ் என்ற பாக்டீரியாவாம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பு கொடுத்தார்.

முதல் இரண்டு தடவை போட்டவுடனே கழுவிவிட்டேன், பலனில்லை. நுரை 10 நிமிடமாவது தோலில் ஊற வேண்டும். பிறகு நன்றாக அலசி, ஈரம் போகத் துடைத்துக் காயவிட வேண்டும். ஈரத்தில்தான் இந்தக் கிருமி பரவுகிறது. காய்ந்த பொருக்கைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள், பாவம், அவளுக்கு அப்படி வலிக்கும். ஊறினால் மெல்லக் கழன்றுவிடும். பிரஷ், விரிப்பு எல்லாம் அவளுக்குத் தனி.

கழுத்துப் பக்கம் புது முடி பட்டுப்போல் முளைத்திருக்கிறது! இடுப்பில் இரண்டு இடம் பாக்கி. சேணம் இன்னும் போடவில்லை.