விளக்கேந்திய பெண்: முகம் மஞ்சளடிக்கிறது, ஒளி வரவில்லை

அல்சூர்வாசி:
மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் ரவிவர்மாவின் விளக்கேந்திய பெண்ணை ஏ3 தாளில் வாட்டர்கலரில் பார்த்து வரைகிறேன். முகம் காமாலை பிடித்த மாதிரி இருக்கிறது. மஞ்சள் ஏற்ற ஏற்ற விளக்கும் மங்குகிறது. எங்கே தப்பு?

தூரிகைக்காரி:
அது ரவிவர்மா இல்லைங்க. அவர் 1906லேயே காலமாகிவிட்டார். இதை வரைந்தவர் எஸ்.எல். ஹல்தன்கர், 1945–46 வாக்கில். நின்று கொடுத்தது அவர் மகள். மூலப்படமும் வாட்டர்கலர்தான்.

வாட்டர்கலரில் வெளிச்சம் என்றால் தாளின் வெள்ளைதான். மேலே பூசும் ஒவ்வொரு கோட்டும் (வண்ணப் பூச்சு) அதைக் குறைக்கும். காமாலைக்குக் காரணம் வேறு: முகம் முழுக்க ஒரே மஞ்சள். சுடரிலிருந்து மோவாய் 20 செ.மீ., நெற்றி 40 செ.மீ. என்றால், தூரம் இரட்டிப்பதால் நெற்றிக்குக் கிடைப்பது மோவாயில் விழுவதில் கால்வாசி வெளிச்சம். ஆகவே மோவாயிலும் கீழுதட்டிலும் தாளை விட்டுவைத்து, மெல்லிய காம்போஜ் மஞ்சள் மட்டும் ஓடவிடுங்கள். கன்னத்துக்கு மேலே ஏற ஏற பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, நெற்றியோரம் அதோடு கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம். கறுப்பைத் தொடவே வேண்டாம், சேறாகிவிடும். மூக்கின் நிழல் மேல்நோக்கி விழவேண்டும்; பழக்கத்தில் கீழே போட்டுவிட்டால் படமே பகலாகிவிடும்.

சுடரை மறைக்கும் கையின் விரல்களில்தான் விஷயமே இருக்கிறது. பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் விரலோரமும் இடுக்கும் சிவக்கும், நடுப்பகுதி மங்கும். மற்ற நிறங்களை ரத்தம் விழுங்கிக்கொண்டு சிவப்பை மட்டும் விடுகிறது. காம்போஜ் நன்றாகக் காய்ந்தபின் ஓரங்களில் அலிசரின் கிரிம்சன் என்ற அடர்சிவப்பு. ஈரத்திலேயே போட்டால் பரவிக் கை முழுக்கச் சிவந்து, மருதாணி வைத்தது போலாகும்.

பாவைவிளக்கு:
நுட்பம் சரி. உணர்ச்சி பாவத்தையும் கவனியுங்கள். நம் கோயில் பாவை விளக்கு அகலை இரு கைகளிலும் ஏந்தி முன்னால் நீட்டும், அது காணிக்கை. இவள் ஒரு கையால் காற்றை மறைக்கிறாள். சுடர் அணைந்துவிடுமோ என்ற கவலை அந்தக் கையில் இருக்கிறது. ‘குளோ ஆஃப் ஹோப்’ (நம்பிக்கையின் ஒளி) என்ற இந்தப் படத்தின் தலைப்புக்குப் பொருள் சொல்வதும் என்னைக் கேட்டால் அந்தக் கைதான், விளக்கு இல்லை. வெறும் மகாலட்சுமி களை என்று எடுத்துக்கொண்டு முகத்தை மட்டும் மெருகேற்றினால் காலண்டர் படமாகிவிடும்.

அல்சூர்வாசி:
பெயர்ப் பிழைக்கு மன்னிக்கவும். வெள்ளையைக் காக்க மாஸ்கிங் ஃப்ளூயிட் (வண்ணம் ஒட்டாமல் தாளை மறைத்து, பிறகு உரித்தெடுக்கும் திரவம்) போடலாமா? தாள் 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 200 கிராம்).

தூரிகைக்காரி:
முகத்தில் வேண்டாம், விளிம்பு வெட்டினாற்போல் நிற்கும். விளக்கின் பித்தளை மினுக்கத்துக்குப் போடலாம். ஆனால் நாள்கணக்கில் விட்டால் உரிக்கும்போது தாளும் சேர்ந்து வரும். இத்தனை கோட்டுக்கு 200 நெளியும். 300 வாங்கி, நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். பெங்களூர் மழைக்காலத்தில் கோட்டுக்கு அரைமணி நேரமாவது காயவிடுங்கள். புறங்கையால் தொட்டுச் சில்லென்றிருந்தால் இன்னும் ஈரம்.