தம்பிக்கு மூளைத் தூண்டலும் வி.ஆரும் சேர்த்து பேக்கேஜ் சொல்றாங்க, கட்டலாமா?

காவிரிக்கரை (திருச்சி):
தம்பிக்கு 19 வயசு, கோவையில இன்ஜினியரிங் ரெண்டாம் வருஷம். கொஞ்ச மாசமா ராத்திரி தூக்கமே இல்ல. ஃபேன் சத்தத்துக்குள்ள யாரோ தன் பேரைக் கூப்பிடறாங்கன்னு சொல்றான். ஹாஸ்டல் மெஸ்ஸுல பின் டேபிள்காரங்க தன்னைப் பத்தித்தான் பேசறாங்கன்னு தோணினா, தட்டை அப்படியே வெச்சுட்டு எழுந்துடறானாம். கேட்டா, "அப்படித் தோணுதுக்கா, நிஜமா இருக்காதுன்னும் தெரியுது"ங்கறான். நாங்க பார்த்த டாக்டர், இது இன்னும் சைக்கோசிஸ் (நிஜம் எது, நிஜமில்லாதது எதுன்னு பிரிச்சுத் தெரியாமப் போற மனநோய்) இல்ல, ஆனா ரிஸ்க் இருக்குன்னார். இன்னொரு தனியார் கிளினிக்ல டி.டி.சி.எஸ்.ஸும் (தலை வழியா மெல்லிசா கரண்ட் விட்டு மூளையைத் தூண்டறது) வி.ஆரும் (கண்ணாடி மாட்டி நிஜம் மாதிரியே இடங்களைக் காட்டறது) சேர்த்து எடுத்தா நோய் வராமலே தடுத்துடலாம், முன்பணம் கட்டுங்கங்கறாங்க. நகையை வெச்சாவது கட்டிடலாம்ங்கறார் அப்பா. புள்ள தலையில கரண்ட் வைக்க விடமாட்டேன்னு அம்மா அழறாங்க. என்ன செய்யறது?

வேப்பமரநிழல் (ஓய்வுபெற்ற மனநல சமூகப் பணியாளர்):
அம்மாவோட பயத்தை முதல்ல போக்குங்கம்மா. இது ஷாக் ட்ரீட்மென்ட் இல்ல. அதுல மயக்கம் குடுத்து, வலிப்பு வர வைப்பாங்க. டி.டி.சி.எஸ்.ல ஆள் முழிச்சுக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்திருப்பார். உப்புத்தண்ணியில நனைச்ச ரெண்டு ஸ்பாஞ்சை ரப்பர் பட்டியால தலையில கட்டி, 2 மில்லி ஆம்பியர் கரண்ட் விடுவாங்க, 20 நிமிஷம். எறும்பு ஊர்ற மாதிரி குறுகுறுங்கும், தண்ணி காதோரம் வழியும், எடுத்தப்புறம் தோல் கொஞ்ச நேரம் சிவந்திருக்கும். அவ்வளவுதான்.

ஆபத்து கம்மிங்கறதுக்காக, பலன் உறுதின்னு ஆயிடாது. 2012ல பிரான்ஸ்ல லியோன் நகரத்துல 30 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு நிஜமாவும் மிச்சப் பேருக்குச் சும்மா பேருக்கும் நாளுக்கு ரெண்டு தடவைன்னு அஞ்சு நாள் குடுத்தாங்க. நிஜமா எடுத்தவங்களுக்குக் குரல் கேக்கறது 31 சதவீதம் குறைஞ்சுது. பின்னாடி வந்த ஆய்வுகள்ல சிலதுல அது திரும்பக் கிடைச்சுது, சிலதுல கிடைக்கல. அந்த 30 பேரும் மருந்துக்கும் குரல் அடங்காத ஸ்கிசோஃப்ரீனியாக்காரங்க. உங்க தம்பி நிலையில இருக்கறவங்ககிட்ட நடந்ததெல்லாம் சின்னச் சின்ன ஆய்வுகள். அதை வெச்சு "வராமலே தடுத்துடலாம்"னு யாரும் வாக்கு குடுக்க முடியாது.

இந்த ரிஸ்க் நிலைக்குன்னே 1994ல ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன்ல மனநல மருத்துவர் பேட்ரிக் மெக்கோரி குழு ஒரு கிளினிக் ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததுல, மூணு வருஷத்துக்குள்ள சைக்கோசிஸ் வர்றது ஏறக்குறைய நாலுல ஒருத்தர்லேர்ந்து மூணுல ஒருத்தருக்கு. மிச்சப் பேருக்கு அதுக்குள்ள வர்றதில்ல. பேக்கேஜ் எடுத்தாலும் எடுக்காட்டியும் பாதிக்கு மேல தப்பிச்சுடறாங்க, அதைக் காட்டி "நாங்கதான் தடுத்தோம்"னு யார் வேணாலும் சொல்லிக்கலாம். பெத்தவங்க பயத்துல நகையை அடகு வைக்கறதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரமா வருது. கட்டாதீங்க.

இப்ப வேண்டியது சி.பி.டி. (எண்ணத்தையும் நடந்துக்கற விதத்தையும் மாத்தப் பழக்கற பேச்சு சிகிச்சை) தெரிஞ்ச ஒரு சைக்காலஜிஸ்ட், ஒழுங்கான தூக்கம், விடாம ஃபாலோ அப். கஞ்சா உண்டான்னு தனியா, கோபப்படாம கேளுங்க. இருந்தா அதை நிறுத்தறதுதான் முதல் வைத்தியம். நோயைத் தடுக்கறதுக்குன்னு மட்டும் இந்த நிலையில ஆன்டிசைக்காடிக் (சைக்கோசிஸுக்கான மருந்து) குடுக்க வேண்டாம்னுதான் பிரிட்டன் வழிகாட்டுதலும் சொல்லுது. "நிஜமா இருக்காதுன்னும் தெரியுது"ன்னு சொன்னான் பாருங்க, அது பெரிய பலம். அந்தச் சந்தேகம் என்னைக்குப் போய், நிச்சயமா பேசறாங்கன்னு சாதிக்கறானோ அன்னைக்கே டாக்டர்கிட்ட ஓடணும். சென்னை ஸ்கார்ஃப், பெங்களூரு நிம்ஹான்ஸ்னு ரெண்டு மனநல நிறுவனத்துலயும் இளவயசுக்காரங்களைப் பார்த்த அனுபவம் நிறைய உண்டு.

ஈஸ்ட்ஹாம் சித்தி (லண்டன்):
தங்கச்சி, நான் வி.ஆரைப் பற்றி மட்டும் சொல்லுறன். என்ர அக்காவின்ர மகன் சைக்கோசிஸ் வந்தாப்பிறகு வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாமல் கிடந்தவன். இஞ்ச ஆஸ்பத்திரியில கண்ணாடியைப் போட்டுப் பஸ், கஃபே, டொக்டரின்ர வெயிட்டிங் ரூம் எல்லாம் காட்டினவை. ஒருக்கா அரை மணித்தியாலம். பஸ்ஸுக்க ஆக்கள் கூடக் கூட, குனியாமல் அவையின்ர முகத்தைப் பார்க்கச் சொல்லுவினம். முதல்நாள் கதிரையை இறுக்கிப் பிடிச்சபடி இருந்தவன். ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக உளவியலாளர் டேனியல் ஃப்ரீமன் ஆக்கள் இந்த வி.ஆரை 346 பேரை வைச்சுச் செய்த ஆய்வு 2022இல வந்தது. வெளிய போகக் கடுமையாப் பயந்தவைக்குத்தான் கூடப் பலன். அதுவும் சைக்கோசிஸ் வந்த ஆக்களுக்குச் செய்தது. எங்கட பெடியனுக்குப் பக்கத்தில ஆஸ்பத்திரிப் பிள்ளை ஒண்டு இருந்து, பிறகு உண்மையான பஸ்ஸிலயும் கூட்டிக்கொண்டு போனவ. கண்ணாடிக்குள்ள என்ன இடங்கள் இருக்கு, ஆர் பக்கத்தில இருப்பினம் எண்டு அந்தக் கிளினிக்கில கேளுங்கோ. மறுமொழி இல்லையெண்டால் அது வெறும் விளையாட்டுச் சாமான்.

காவிரிக்கரை:
அப்பாவுக்கு முழுசாப் படிச்சுக் காட்டினேன். பணம் கட்டல. காலேஜை ஒரு செமஸ்டர் நிறுத்திடலாமா?

வேப்பமரநிழல்:
டாக்டர் சொல்லாம முழுசா நிறுத்தாதீங்கம்மா. வீட்டுக்குள்ளயே அடைஞ்சா சந்தேகம்தான் வளரும். பாடத்தைக் குறைச்சுக்க முடியுமான்னு துறைத் தலைவர்கிட்ட பேசுங்க. மெஸ்ஸுக்குக் கூட்டமில்லாத நேரமா நம்பிக்கையான ஒரு நண்பனோட போகட்டும், அப்புறம் மெல்ல மெல்லக் கூட்ட நேரத்துக்கு மாத்தலாம். சாகணும்ங்கற மாதிரி எப்பப் பேசினாலும் தனியா விடாதீங்க. 14416 டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி எண், எந்நேரமும் தமிழ்ல பேசலாம்.