மஹிந்திரா தார் வண்டிக்கு டயர் மாற்றியதும் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டுகிறதா?

தேனிக்காரன்: வணக்கம். பழைய மாடல் தார் சிஆர்டிஇ (டீசல்), ஏபிஎஸ் (பிரேக் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இல்லாதது. கம்பெனி டயர் 235/70 ஆர்16 வழுக்கையாகிவிட்டதால், போன வாரம் 245/75 ஆர்16 போட்டேன். முன்பு மீட்டரில் 80 காட்டினால் போன் ஜிபிஎஸ்ஸில் 75 இருக்கும். இப்போது இரண்டும் 80. ஆன்லைன் கணக்கில் வித்தியாசம் 5.2 சதவீதம்தான். அப்படியென்றால் ஜிபிஎஸ்ஸில் 79 தானே வரணும்? மைலேஜும் 13லிருந்து 12 சொச்சமாக இறங்கிவிட்டது. எலக்ட்ரீசியன் ஒருவர் மீட்டரைக் கழற்றி முள்ளை ஏற்றி வைத்துத் தருகிறேன் என்கிறார். செய்யலாமா?

கியர்பாக்ஸ் மணி: தம்பி, முள்ளில் கை வைக்க விடாதீங்க. டயர் பிழை சதவீதக் கணக்கு. 40-ல் 2 கிமீ என்றால் 100-ல் 5 கிமீ. முள்ளைப் பிடுங்கி 5 கிமீ தள்ளி வைத்தால் 100-ல் சரியாக இருக்கும், 40-ல் தப்பும், வண்டி நிற்கும்போது பூஜ்யத்திலும் நிற்காது. ஓடோ எண் (ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் ஓடோமீட்டர்) அப்படியேதான் தப்பாக ஓடும். மீட்டரைத் திறந்த வண்டி என்று தெரிந்தால் விற்கும்போது கிலோமீட்டரைக் குறைத்திருப்பார்கள் என்ற சந்தேகம் வேறு வரும்.

கணக்கு வாத்தியார்: மீட்டர் சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணுகிறது, டயர் பெருசானால் ஒரு சுற்றில் வண்டி கூடுதல் தூரம் போகும். அந்த ஒரு கிமீக்குக் காரணம் பழைய டயரின் தேய்மானம். 235/70 ஆர்16 புதிதில் 735 மிமீ விட்டம், 245/75 774 மிமீ. ஆன்லைன் கணக்கு புதுசையும் புதுசையும் ஒப்பிடுகிறது. நீங்கள் கழற்றியது வழுக்கை டயர். பக்கத்துக்கு 6, 7 மிமீ தேய்ந்திருந்தால் விட்டம் 722க்கு வந்திருக்கும். 774ஐ 722ஆல் வகுத்தால் 7 சதவீதம் கூடுதல். 75 கிமீயை அதால் பெருக்குங்கள், 80.

தேனிக்காரன்: அட! சரி சார், அப்போ இப்போது மீட்டர் சரியாகிவிட்டது என்று விட்டுவிடலாமா?

கணக்கு வாத்தியார்: வேகத்துக்குக் கிட்டத்தட்ட சரி. ஆனால் கைவசம் மிச்சம் எதுவும் இல்லை. ஐநா விதிமுறை எண் 39-ன்படி மீட்டர் உண்மை வேகத்துக்குக் கீழே காட்டவே கூடாது, மேலே 10 சதவீதமும் 4 கிமீயும் வரை போகலாம். அதனால்தான் கம்பெனிகள் வேண்டுமென்றே கூட்டிக் காட்ட வைக்கின்றன. அந்தக் கூடுதலை உங்கள் டயர் தின்றுவிட்டது. நேரான, மேடுபள்ளமில்லாத ரோட்டில் 60, 80, 100 என்று ஒவ்வொரு வேகத்திலும் கொஞ்ச நேரம் நிலையாகப் பிடித்து ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள். வேகம் கூட்டும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் ஜிபிஎஸ் பின்தங்கும், அப்போது பார்க்காதீர்கள். போனைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும்.

ஓடோமீட்டர் விஷயம் வேறு. அதில் இப்படிக் கூட்டி வைக்கும் பழக்கம் இல்லை, அதனால் இனி அது குறைத்தே எண்ணும். மைலேஜ் இறங்கினதாகத் தெரிவதில் பாதிக்கு மேல் இந்த மாயம்தான்.

தேனிக்காரன்: நேற்று பார்த்தேன். மேப்பில் 52 கிமீ, மீட்டரில் 49.4. நூறில் மீட்டரும் ஜிபிஎஸ்ஸும் ஒன்றுதான்.

கியர்பாக்ஸ் மணி: அப்போ சொல்லி வைத்தாற்போல 5 சதவீதம். இதைத் திருத்த ஒழுங்கான வழி, சென்சாரிலிருந்து மீட்டருக்குப் போகும் ஒயரில் பல்ஸ் (மின்துடிப்பு) எண்ணிக்கையை மாற்றும் சின்னப் பெட்டி. வேகமும் ஓடோவும் சேர்ந்தே திருந்தும். ஆனால் உங்கள் கேஸில் ஓடோ சரியானால் வேக மீட்டர் பழையபடி கூட்டிக் காட்டும், அது தப்பில்லை. ஏபிஎஸ் வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு ஒயரை வெட்டக் கிளம்பாதீர்கள். அங்கே வேகம் சக்கர சென்சாரிலிருந்து கணினி வழியாக வருகிறது, ஸ்கேனர் வைத்து மாற்ற முடிந்தால் மட்டுமே தொடணும்.

தேனிக்காரன்: பெட்டி இப்போதைக்கு வேண்டாம் அண்ணா. வண்டியும் கொஞ்சம் மந்தமாக இழுக்கிறதே?

கியர்பாக்ஸ் மணி: சக்கரம் பெருசானால் கியர் நீண்டுபோன மாதிரி, போடிமெட்டு மலைப்பாதை ஏறும்போது மூன்றாவது கியரில் முக்கும், இரண்டுக்கு வந்துவிடுங்கள். மீட்டர் 9,500 காட்டும்போதே உண்மையில் 10,000 ஓடியிருக்கும், அப்போதே வண்டியை ஆயில் சர்வீஸுக்கு விட்டுவிடுங்கள். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, டயர் எங்காவது உரசுகிறதா என்று பார்த்தீர்களா?