டெலிவரிப் பையன்களுக்கு எவ்வளவு சில்லறை கொடுத்தனுப்புவது? டிப்ஸை எப்படிப் பிரிப்பது?

ரோஸ்ஹில்_சமையல்:
வணக்கம். மொரிஷியஸில் ரோஸ் ஹில்லில் சின்னச் சமையல் கடை. வாரநாளில் மதியம் பிரியாணி, சனி ஞாயிறில் ஏழு கறிச் சாப்பாடு. இரண்டு பையன்கள் மோட்டார் சைக்கிளில் எபென், போ பாஸன், காத்ர் போர்ன் வரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். பலர் ஜூஸில் (போனில் பணம் அனுப்பும் ஆப்) கட்டிவிடுகிறார்கள். கையில் பணம் தருபவர்களிடம்தான் தகராறு. பிரியாணி 285, டெலிவரி 60, ஆக 345. 1000 ரூபாய் நோட்டை நீட்டுகிறார்கள், பையன் கையில் சில்லறை இல்லை. ஒன்று, அவர் மனசே இல்லாமல் "சரி, வச்சுக்கோ" என்கிறார். இல்லையென்றால் பையன் பக்கத்து தபாஜிக்கு (பெட்டிக்கடைக்கு) ஓடுகிறான், பெட்டியில் இருக்கும் மற்ற பார்சல் எல்லாம் ஆறிப்போகிறது. ராத்திரி கணக்குப் பார்த்தால் எது டிப்ஸ், எது கடைக்காசு என்று பிரிக்க முடியவில்லை. எந்தெந்த நோட்டில் எவ்வளவு கொடுத்தனுப்ப வேண்டும்? டிப்ஸைப் பில்லிலேயே சேர்த்துவிடலாமா?

கணக்கப்பிள்ளை:
அக்கா, சில்லறை தேடுவதற்கு முன்னால் விலையைத் திருத்துங்கள். நம்ம ஊரில் 25 ரூபாய் நோட்டு இருப்பது உங்களை மாதிரிக் கடைக்குப் பெரிய வசதி. ஒவ்வொரு பொருளின் விலையும் டெலிவரிக் கட்டணமும் 25-இன் மடங்காக இருந்தால், கூட்டுத்தொகை எப்படி வந்தாலும் நோட்டிலேயே மீதி கொடுத்துவிடலாம், நாணயமே வேண்டாம். பிரியாணியை 275 ஆக்கி டெலிவரியை 75 ஆக்குங்கள். ஒன்று வாங்குபவருக்கு 345 என்பது 350 ஆகும். இரண்டு வாங்குபவருக்கு 630 என்பது 625 ஆகும். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். பச்சடி, குளிர்பானம் எல்லாவற்றையும் 25, 50 என்றே போடுங்கள். ஒரே ஒரு பொருள் 30 என்று இருந்தாலும் திட்டம் கெட்டது.

அதற்குப் பிறகு பை. ஒவ்வொரு பையனுக்கும் தனிப் பை, தினமும் ஒரே தொகை, ஒரே நோட்டுக் கணக்கு: 500 ஒன்று, 200 நான்கு, 100 ஏழு, 50 ஆறு, 25 எட்டு. மொத்தம் 2500. ஒரு சுற்றில் ரொக்க ஆர்டர் நான்குக்கு மேல் வேண்டாம். 350 ரூபாய் பில்லுக்கு மூன்று பேர் 1000-மும் ஒருவர் 500-மும் கொடுத்தாலும் மீதி 2100-தான், இந்தப் பை தாங்கும். நான்கு பேருமே 1000 கொடுத்தால் 2600 வேண்டும், தாங்காது. ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே "எந்த நோட்டு கொடுப்பீங்க?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதிப் பிரச்சினை போய்விடும். கேட்டவுடன் மீதியை எண்ணிச் சின்ன உறையில் போட்டு, மேலே ஆர்டர் எண், பில், வரும் நோட்டு, மீதி என நான்கையும் எழுதிப் பார்சலோடு பின் அடித்துவிடுங்கள். வாசலில் எண்ணும் வேலையே இல்லை. 2000 ரூபாய் நோட்டு என்றால் முன்கூட்டிச் சொன்னவருக்கு மட்டும்.

டிப்ஸைப் பில்லில் சேர்க்காதீர்கள். பில்லில் ஏறினால் அது கடை வரவு. பையனுக்குக் கிடைத்ததா என்ற சந்தேகம் வாடிக்கையாளருக்கும் வரும், பையனுக்கும் வரும். ராத்திரிக் கணக்கு ஒரே வரிதான்: 2500 + ரொக்க பில்களின் கூட்டு. அவ்வளவு பைக்குள் இருக்க வேண்டும். டிப்ஸ் பைக்குள்ளேயே போகக் கூடாது. வாசலிலேயே சட்டைப்பைக்குப் போகட்டும். கடைக்காரர் அதை எண்ணவும் வேண்டாம், கேட்கவும் வேண்டாம்.

பையில் குறைந்தால் உடனே பையனைச் சந்தேகப்பட வேண்டாம், குறைந்த தொகையைப் பாருங்கள். சரியாக 25 அல்லது 50 என்றால் இரண்டு நோட்டு ஒட்டிப் போயிருக்கும். 9-ஆல் வகுபடுகிற தொகை என்றால் முதலில் எழுத்துப் பிழையைத் தேடுங்கள்: 625-ஐ 652 என்று எழுதினால் 27 வித்தியாசம் வரும், 50 எழுதும் இடத்தில் 500 எழுதினால் 450 வரும். குறைந்ததை டிப்ஸிலிருந்து பிடிப்பது மட்டும் கூடவே கூடாது. ஒரு தடவை பிடித்தால் மறுநாளிலிருந்து அவன் வாடிக்கையாளரிடம் "சில்லறை இல்லை" என்று சொல்லக் கற்றுக்கொள்வான்.

ரெண்டுசக்கரம்:
அண்ணன் சொன்ன ஒட்டும் நோட்டு உண்மை. 25, 50, 500 மூன்றும் 2013-இலிருந்து பிளாஸ்டிக் நோட்டாக வருகிறது. புதுசு என்றால் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். விரல் ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். உறையில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஓரத்தில் மடக்கி விடுங்கள், அல்லது புதுசையும் பழசையும் மாற்றி மாற்றி அடுக்குங்கள்.

வாசலில் செய்ய வேண்டிய வரிசை இது. தொகையைச் சொல். நோட்டை வாங்கு. வாங்கிய நோட்டைப் பைக்குள் போடாதே, இடது கையில் தெரியும்படி பிடித்துக்கொள். மீதியைக் கொடு, அவர் எண்ணட்டும். அதற்குப் பிறகுதான் பெரிய நோட்டு உள்ளே. "நான் ஆயிரம் கொடுத்தேன், நீ ஐந்நூறுக்குத்தான் மீதி தந்தாய்" என்ற சண்டை இதில் வரவே வராது. மீதியை முழுசாகக் கொடுத்துவிட்டு நன்றி சொல்லித் திரும்பிவிட வேண்டும். 25 ரூபாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்து நிற்பது பிச்சை கேட்பது போல. அப்படி நின்றால் இன்றைக்கு 25 கிடைக்கும், அந்த வீட்டிலிருந்து அடுத்த ஆர்டர் வராது.

நிஜமாகவே சில்லறை தீர்ந்துவிட்டால்? தபாஜிக்கு ஓட வேண்டாம். நோட்டை வாங்கிக்கொண்டு, அங்கேயே நின்று கடைக்குப் போன் போடணும். கடைக்காரர் மீதியை வாடிக்கையாளர் எண்ணுக்கு ஜூஸில் அனுப்பணும், அவர் போனில் வந்த பிறகு கிளம்பணும். "அடுத்த தடவை கழிச்சுக்கலாம்" என்று விட்டால் மறதி, மனத்தாங்கல் எல்லாம் வரும்.

எபென் அலுவலகங்களில் எட்டுப் பேர் எட்டுப் பில் என்று கீழே இறங்கி வருவார்கள், ஒவ்வொருவர் கையிலும் 500. ஆர்டரிலேயே சொல்லிவிடுங்கள்: ஒரு தளத்துக்கு ஒரே பில், ஒருவரே வசூலித்துக் கட்ட வேண்டும்.

பணம் வைக்கும் பை இடுப்பில், மழைக்கோட்டுக்கு உள்ளே. க்யூர்பிப் பக்கம் போனால் வருஷம் முழுக்கத் தூறல்தான். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் 500, 1000 நோட்டுகளைக் கடையில் இறக்கிவிட்டு, பையை மறுபடி 2500-க்கு நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டும். ராத்திரிக் கணக்கில் இறக்கியதைக் கூட்டி, நிரப்பியதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

மோக்கா_மருமகள்:
வாங்குகிற பக்கத்திலிருந்து. இங்கே டிப்ஸ் கட்டாயம் கிடையாது, கொடுக்காதவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கக் கூடாது. கொடுப்பதென்றால் என் கணக்கு இது: பக்கத்துத் தெரு, நல்ல வெயில் என்றால் 25. மழை, மேட்டு வீடு, மூன்று மாடி படிக்கட்டு என்றால் 50. விருந்துக்கு வாழையிலையோடு பெரிய பாத்திரங்கள் வந்தால் 100, நம்ம தமிழ்த் தலைவர் சீனிவாசன் படம் போட்ட நோட்டு. சதவீதக் கணக்கு ரெஸ்டாரண்டுக்குச் சரி. இங்கே ஒரு பிரியாணி தூக்கினாலும் மூன்று தூக்கினாலும் ஓட்டுகிற தூரம் ஒன்றுதான்.

டெலிவரிக் கட்டணம் 75 கட்டியாச்சே என்று நினைப்பவர்கள், அது யாருக்குப் போகிறது என்று கடையில் கேட்டுப் பாருங்கள். கடைக்காரர்களும் "75 பையனுக்கு" அல்லது "பெட்ரோலுக்கு" என்று மெனுவிலேயே போட்டுவிட்டால் நல்லது.

இன்னும் இரண்டு. வெளிநாட்டு விருந்தாளிகள் யூரோ நாணயத்தை டிப்ஸாகக் கொடுக்கிறார்கள். அந்நிய நோட்டை மாற்றலாம், நாணயத்தை மாற்றித் தருபவர் கிடையாது, பையன் வீட்டில் டப்பாவில் கிடக்கும். ரூபாயில் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், புயல் எச்சரிக்கை மூன்றாம் எண்ணுக்கு (இங்கே மொத்தமே நான்குதான்) போய்விட்டால் 500 டிப்ஸ் தருகிறேன் என்றாலும் ஆர்டர் போடாதீர்கள், கடையும் எடுக்கக் கூடாது.

ரோஸ்ஹில்_சமையல்:
எல்லோருக்கும் நன்றி. 25 மடங்கு விலையை இந்த வாரமே மாற்றிவிடுகிறேன். இன்னொன்று: 350-க்கு 400 என்று ஜூஸில் ஒரே தொகையாக அனுப்பிவிட்டு "அம்பது தம்பிக்கு" என்கிறார்களே, அதை எப்படி எழுதுவது? தைப்பூசக் காவடி வாரத்தில் சில்லறைக்கு எங்கே போவது?

கணக்கப்பிள்ளை:
ஆர்டர் நோட்டில் பில்லுக்குப் பக்கத்தில் ஒரு பத்தி கூடுதலாகப் போடுங்கள்: "ஜூஸில் வந்த டிப்ஸ்", பையன் பெயரோடு. அன்று இரவே அதைக் கடைப் பணத்திலிருந்து ரொக்கமாகக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மாசக் கடைசிக்குத் தள்ளினால் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பையனுடைய சொந்த கியூஆர் ஸ்டிக்கரைப் பெட்டியில் ஒட்டுவது வேண்டாம், பில் தொகையே அவன் கணக்குக்குப் போய்விடும். வாடிக்கையாளர் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பார்சலைக் கொடுக்கக் கூடாது. பழைய படத்தையே திரும்பக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். கடைப் போனுக்குப் பணம் வந்த செய்தி வர வேண்டும், கடையிலிருந்து "வந்தது" என்று பையனுக்குச் சொல்ல வேண்டும்.

காவடிக்கு வங்கி விடுமுறை. முதல் நாள் போனால் வரிசைதான் மிச்சம், இரண்டு நாள் முன்பே காலையில் போய் 25, 50, 100 நோட்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். டிசம்பரில் போனஸ் வந்த வாரத்துக்கும் இதே ஏற்பாடு. ஏடிஎம்மில் எடுத்த கையோடு எல்லோரும் 1000 நோட்டாகத்தான் நீட்டுவார்கள். அந்த இரண்டு வாரத்துக்கு மட்டும் பையில் 2500-க்குப் பதில் 3000 வையுங்கள், கூடுதல் 500-ஐ 100 நோட்டுகளாக.