வாஷர் மாற்றியும் குழாய் சொட்டுகிறது, இப்போது சுவர் பக்கமும் கசிகிறது. யாராவது வழி சொல்லுங்கள்

சமையலறைக் குழாய் ஒரு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. வாஷர்தானே, நாமே மாற்றிவிடலாம் என்று இறங்கினேன். தண்ணீர் வரும் வழியை அடைக்கும் கேட் வால்வை மூடிவிட்டு மேல் நட்டைக் கழற்றப் பார்த்தால், உப்புப் படிந்து இறுகிப்போய் அசையவே இல்லை. வேறு வழியில்லாமல் குழாயையே சுவரிலிருந்து கழற்றி, வெளியே வைத்து ஸ்பிண்டிலை (வாஷர் மாட்டியிருக்கும் தண்டு) எடுத்துப் புது வாஷர் போட்டேன். டெஃப்லான் டேப் சுற்றித் திரும்ப மாட்டினேன்.

மூக்கில் சொட்டுவது நிற்கவில்லை. இன்னொரு வாஷரும் போட்டுப் பார்த்துவிட்டேன். பலங்கொண்ட மட்டும் முறுக்கி மூடினால் நிற்கிறது, ஒரு மணி நேரத்தில் மறுபடி தொடங்கிவிடுகிறது. அது போதாதென்று, இதுவரை கசியாத சுவர் இணைப்பிலிருந்து தண்ணீர் கோடாக இறங்குகிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போய்விட்டது. சுவர் பக்கம் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கலாமா?

பதில் 1

தயவுசெய்து இறுக்காதீர்கள். சுவருக்குள் இருக்கும் எல்போ (குழாய் மாட்டும் வளைவு இணைப்பு) பிளாஸ்டிக் என்றால், பித்தளை மரை உள்ளே போகப் போக அதை விரித்துக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் விரிசல் விட்டுவிடும், அப்புறம் டைல்ஸை உடைத்துத்தான் சரிசெய்ய முடியும். எங்கள் வீட்டில் நான் இறுக்கிய இறுக்கில் அதுதான் நடந்தது. அந்த வருத்தத்தில்தான் உடனே எழுதுகிறேன்.

இரண்டு விஷயம் சொல்லுங்கள். மாட்டும்போது குழாயின் மூக்கு நேராகக் கீழே பார்த்து நின்றதா, இல்லை தாண்டிப் போய்ப் பின்னால் திருப்பினீர்களா? டேப்பை எந்தப் பக்கமாகச் சுற்றினீர்கள்?

கேட்டவர்

ஆமாம், கொஞ்சம் தாண்டிவிட்டது. சாய்வாக இருந்ததால் பின்னால் திருப்பி நேராக்கினேன். டேப் எந்தப் பக்கம் சுற்றினேன் என்று கவனிக்கவில்லை. மாட்டும்போது டேப் சுருண்டு வெளியே பிதுங்கியது மட்டும் நினைவிருக்கிறது.

பதில் 1

சுவர்க் கசிவுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. டேப் பிதுங்கியது என்றால் தலைகீழாகச் சுற்றியிருக்கிறீர்கள். மரையின் முனை உங்கள் முகத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். கடிகார முள் போகும் திசையில் சுற்றுங்கள். அப்போதுதான் குழாயைத் திருகத் திருக டேப் மரையோடு இறுகும். முதல் மரையை விட்டுவிட்டு, இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். மெல்லிய வெள்ளை டேப் என்றால் பத்துச் சுற்றுக்குக் குறைய வேண்டாம். பழைய டேப்பை ஒரு நூல்கூட விடாமல் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது.

இறுக்கிய மரையைப் பின்னால் திருப்பினால் டேப்பின் பிடி விட்டுப்போகும். மூக்கு தாண்டிப் போய்விட்டதா, கழற்றிப் புதிதாகச் சுற்றி மாட்டுவதைத் தவிர வேறு வழி கிடையாது. எரிச்சலான வேலைதான், ஆனால் அதில் குறுக்கு வழி எடுத்தவர்களுக்குத்தான் சுவர் ஊறுகிறது.

பதில் 2

சொட்டுக்கு வருகிறேன். புது வாஷர் போட்டும் நிற்கவில்லை என்றால் வாஷரை விட்டுவிடுங்கள், அது உட்காரும் சீட்டைப் பாருங்கள். ஸ்பிண்டிலைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்தால் ஒரு வட்டமான பித்தளை விளிம்பு தெரியும். நகத்தால் சுற்றித் தடவுங்கள். எங்காவது நகம் இடறினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தண்ணீர் ஒழுகினால் பித்தளையையும் அரித்துவிடும். அந்தப் பள்ளத்தின் மேல் எத்தனை வாஷர் போட்டாலும் தண்ணீர் அடியில் புகுந்து வரும். நீங்கள் பலமாக முறுக்கும்போது ரப்பர் நசுங்கிப் பள்ளத்தை அடைக்கிறது, அதனால்தான் கொஞ்ச நேரம் நிற்கிறது. வாஷரும் அதில்தான் கிழிகிறது.

சீட்டைத் தேய்த்துச் சமப்படுத்தத் தனிக் கருவி உண்டு. ஆனால் ஒரு குழாய்க்காக அதை வாங்குவதைவிடக் குழாயை மாற்றிவிடுவதே நல்லது என்பேன்.

கால் சுற்றில் மூடும் பீங்கான் தட்டுக் குழாய் வாங்கினால் ஒன்று கவனியுங்கள். மாட்டுவதற்கு முன் சுவர் முனைக்குக் கீழே வாளியை வைத்து, கேட் வால்வைச் சில விநாடி திறந்துவிடுங்கள். மணலோ டேப் துணுக்கோ உள்ளே இருந்தால் அந்தத் தட்டில் கீறல் விழுந்து, புதுக் குழாயும் சொட்டும்.

கேட்டவர்

நேற்று காலை திறந்து பார்த்தேன். சீட்டில் ஒரு பக்கம் நகம் நன்றாகவே இடறியது, டார்ச் வெளிச்சத்தில் மெல்லிய வாய்க்கால் மாதிரி தெரிந்தது. இரண்டு வாஷரிலும் அதே இடத்தில்தான் தழும்பு. பழைய டேப் முழுக்க மரையின் அடியில் கயிறாகத் திரண்டு கிடந்தது.

புதுக் குழாய் வாங்கிவந்தேன். வாளி வைத்துத் திறந்துவிட்டபோது முதலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் வந்தது, அடியில் ஒரு சிட்டிகை மணலும் டேப் துண்டும். முதல் முறை மாட்டியபோது மூக்கு மறுபடி தாண்டிவிட்டது. பின்னால் திருப்பக் கை போனது, உங்கள் பதில் ஞாபகம் வந்து நிறுத்திவிட்டேன். கழற்றி, சுரண்டி, பன்னிரண்டு சுற்று சுற்றி மாட்டினேன்.

இணைப்பைத் துடைத்துவிட்டு ஒரு டிஷ்யூ தாளைச் சுற்றிக் கட்டிவைத்தேன். இன்று காலை அது காய்ந்தே இருக்கிறது. இரண்டு பேருக்கும் மனமார்ந்த நன்றி. நாளைக் காலையும் பார்த்துவிட்டுத்தான் தாளை எடுப்பேன்.